கரையில் ஒரு ஞாயிறு

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று தமிழ் ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அதே வாரம் ஆங்கில வகுப்பில் இலையுதிர் காலத்தைப் பற்றிய பாடம் நடந்தது. மரங்கள் பொன்னிறமாகி இலை கொட்டும் என்று படித்துவிட்டு நாங்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். பள்ளித் தோட்டத்துத் தென்னை ஓர் ஓலையைக்கூட உதிர்க்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூதிர்காலம் வேறு விதமாக வரும். பிற்பகலில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு மழை இறங்கும். விடியற்காலையில் மணல் சில்லென்று காலைச் சுடும். சகல ஆன்மாக்கள் தினமான நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் ஏற்றிய மெழுகுவத்திகள் உருகி, மாதக் கடைசி வரை கற்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். பெரிய விசேஷம் எதுவும் அன்று நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

'நாங்கள்' என்றால் ஏழு பேர். ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. பெயர்களை எழுதினால் வீட்டில் வம்பு வரும். ஆகையால் பந்தாட்டத்தில் நிற்கும் இடத்தைக் கொண்டே ஒவ்வொருத்தியையும் குறிப்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். சனிக்கிழமை மாலைக்குள் வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிடும். மாதக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகுக்காரர்களைத் தவிர மற்ற அப்பாமார் அனைவரும் வீட்டில் இருப்பார்கள். பூசைக்குப் போகும் வழியில் எங்கள் பாட்டிமார் கரையைப் பார்த்து வள்ளங்களை எண்ணுவார்கள். எண்ணி முடித்த பிறகுதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் நுழைவார்கள். சிறு வயதில் இதை ஏதோ விளையாட்டென்று நினைத்து நாங்களும் கூடவே எண்ணியிருக்கிறோம்.

அன்று கிறிஸ்து அரசர் பெருவிழா. காலை 6 மணிப் பூசைக்குப் பாடகர் குழுவில் நாங்கள் ஐந்து பேர். கோல்கீப்பரும் சின்ன பேக்கும் மட்டும் கீழே, பெண்கள் பக்கத்தில். 1544-இல் புனித சவேரியார் இந்தக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து எங்கள் முன்னோர்க்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது ஊரில் எல்லாரும் அறிந்த வரலாறு. சரியாக டிசம்பர் 3-இல் அவர் திருநாள் வருவதால், நவம்பர் கடைசியிலேயே ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிடும். இருந்தாலும் எங்கள் ஊரில் நவம்பர் கடைசி என்றால் இன்னொன்றும் உண்டு.

2017 நவம்பர் 30. அன்று நாங்கள் மூன்றாம் வகுப்பு. காற்றில் தென்னைகள் சாய்ந்தன; பள்ளிக்கு விடுமுறை என்று குதித்தோம். பெரியவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'ஒக்கி' என்று அந்தப் புயலுக்குப் பெயர் வைத்தது வங்கதேசம் என்றும், வங்க மொழியில் அதற்குக் 'கண்' என்று பொருள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டோம். புயலுக்கு முன்பே கடலில் இருந்தவர்களைத் தேடச் சொல்லி, டிசம்பரில் எங்கள் கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் நாட்கள் கழிந்து திரும்பினார்கள். எங்கள் கோல்கீப்பரின் அப்பா திரும்பவில்லை.

அவர் நல்ல ஆட்டக்காரர். எங்கள் கடற்கரையில் கால்பந்து தெரியாத ஆண்பிள்ளை இல்லை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கமிருந்து சந்தோஷ் கோப்பைக்கு ஆடப் போனவர்கள் பலர். கோல்கீப்பரின் அப்பா அத்தனை தூரம் போகவில்லையென்றாலும், ஊர் அணிக்குப் பல வருடம் கோல் காத்தவர். பள்ளியில் பெண்களுக்கும் கால்பந்து ஆரம்பித்தபோது, யாரும் சொல்லாமலே அவள் கம்புகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல் கட்டாக்கிலும் 2023-இல் அமிர்தசரசிலும் தேசியக் கோப்பையை வென்ற செய்திகளை உடற்பயிற்சி ஆசிரியை சொல்லும்போதெல்லாம் அவள் முகம் தனியாகத் தெரியும்.

பள்ளி மைதானத்தில் ஆடுவதற்கு அவள் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கரையில் ஆடக்கூடாது. அதிலும் நவம்பர் மாதத்தில், பொழுது சாயும் நேரத்தில் கூடவே கூடாது. அந்த மாமி ஏழு ஆண்டுகளாக மாலையில் கரைப்பக்கம் வருவதில்லை. மீன் வாங்கக்கூடக் காலையில் பக்கத்து வீட்டாரைத்தான் அனுப்புவார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நவம்பரின் முதல் மூன்று ஞாயிறும் மாலை 4 மணிக்கு மாமி வீட்டு வாசலில் போய் நின்று, "அன்பியக் கூட்டத்துக்குப் போறோம் மாமி" என்று சொன்னோம். செபப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னோம். கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு நேரே கரைக்குப் போனோம். ஒரு தடவைகூட எங்களுக்கு நாக்குக் கூசவில்லை.

அன்றைய நற்செய்தி பிலாத்து இயேசுவை விசாரிக்கும் பகுதி. நீ அரசனா என்று அவன் கேட்கிறான். உண்மைக்குச் சாட்சி சொல்லவே தாம் பிறந்ததாக இயேசு பதில் சொல்கிறார். பங்குத்தந்தை அதை விளக்கிக்கொண்டிருந்தபோது பாட்டுக் குழுவில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மன்றாட்டின்போது கடலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். கோல்கீப்பரின் அப்பா பெயர் வந்தபோது மாமி தலைநிமிரவில்லை. கோல்கீப்பர் மட்டும் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. மேலே இருந்து பார்த்த எங்களுக்கு அடுத்த பாட்டின் முதல் வரி வரவே இல்லை.

பூசைக்குப் பின் மறைக்கல்வி. வீட்டுக்கு வந்தால் புட்டும் கட்டன் காப்பியும். மதியம் எல்லா வீட்டிலும் இறைச்சிக் குழம்பு மணத்தது; மரச்சீனிக் கிழங்கும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் மீன் சாப்பிடுகிற ஊருக்கு ஞாயிறன்று இறைச்சிதான் விருந்து. அப்பாமார் நார்க்கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார்கள். கணக்கு வீட்டுப்பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு மணி எப்போது ஆகும் என்று பார்த்திருந்தோம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

நான்கு மணிக்கு மாமி வீட்டு வாசலில் ஆறு பேரும் நின்றோம். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மக்களே, அன்பியத்துக்கா?"

வழக்கமாகப் பதில் சொல்பவள் எங்கள் ஃபார்வர்டு. அவள் வாயைத் திறந்தாள், "அன்பி..." என்றவள் அதோடு நிறுத்திவிட்டாள். யாரும் பேசவில்லை. கடைசியில், எங்களில் மிகவும் பயந்தவளான சின்ன பேக்தான், "இல்ல மாமி. பந்து விளையாட. கரையில. போன மூணு வாரமும் அங்கதான் போனோம்" என்றாள்.

மாமி முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"எனக்குத் தெரியாதா? மூணு வாரமா முழங்கால் வரைக்கும் மணலோட வாறா. எந்த அன்பியத்துல மக்களே உருண்டு பிரண்டு செபம் சொல்லுதாவ?"

சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மாமி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "விளையாடுறதுக்கு நான் எதிரியில்ல. அந்த நேரத்துல அந்தக் கரையில நின்னு நான் பார்த்தது போதும். இவ அங்க நிக்கா என்று நினைச்சா எனக்கு இங்க இருப்புக் கொள்ளல்ல" என்றார்கள். அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கோல்கீப்பரும் எங்களைப் பார்க்காமல் பின்னாலேயே போய்விட்டாள்.

ஆறு பேராகக் கரைக்கு நடந்தோம். "ஏட்டி, நீ வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று ஒருத்தி சின்ன பேக்கிடம் சொன்னாள். உடனே அவளுக்கே வெட்கமாகிவிட்டது. நல்ல மணல் முழுவதும் அண்ணன்மாரின் ஆட்டத்துக்கு. எங்களுக்குக் கிடைப்பது வலை உலர்த்தும் இடத்துக்கும் தூண்டில் வளைவின் பாறைகளுக்கும் இடைப்பட்ட துண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எங்களோடு செவன்ஸ் ஆட ஒப்புக்கொண்டிருந்தார்கள். செருப்புகளை வைத்துக் கோல் கம்பு ஆக்கினோம். கோல் காக்க ஆளில்லை. பெரிய பேக் நின்று பார்த்தாள். பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழுந்தது.

மூன்றாவதும் விழுந்து, பையன்கள் கைகொட்டிக்கொண்டிருந்தபோது, வலைகளுக்கு அந்தப் பக்கமிருந்து கோல்கீப்பர் ஓடி வந்தாள். பாவாடையை மாற்றி, பள்ளி விளையாட்டு உடையைப் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் குடையோடு மாமி.

மாமி கரைக்கு வந்ததைப் பார்த்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் கையை நிறுத்தினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் கிடந்த கயிற்றை எடுத்து அப்பால் போட்டார். மாமி அதில் உட்கார்ந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, கோலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

பிறகு ஆட்டம் நன்றாக நடந்தது. எங்கள் ஃபார்வர்டு இரண்டு கோல் போட்டாள். கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து தள்ளினாள். அண்ணன்மார்கூடத் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு பந்து அவள் காலுக்கு நடுவில் போகப் பார்த்தது. அப்போதுதான் மாமியின் குரல் கேட்டது:

"காலைச் சேத்து வையிடீ! உங்கப்பா இப்படியா நிப்பாரு?"

ஏழு ஆண்டுகளில் அந்தப் பெயரை மாமி பூசைக்கு வெளியே சத்தமாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கோல்கீப்பர் காலைச் சேர்த்து நின்றாள். முகத்தை மட்டும் ஒரு முறை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். மணல் பட்டிருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஆறு மணிக்கு மூவேளைச் செபத்துக்குக் கோயில் மணி அடித்தது. நின்ற இடத்திலேயே நின்று, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு செபம் சொன்னோம். மழைத்தூறல் ஆரம்பித்தது. மாமி எழுந்து குடையை விரித்தார்கள். ஒரு குடைக்குள் எட்டுப் பேர் எப்படி நுழைவது? கோல்கீப்பரும் சின்ன பேக்கும் மட்டும் குடைக்குள். மற்றவர்கள் பின்னால் நனைந்துகொண்டே நடந்தோம்.

ஊர்த் தெரு முனையில் மாமி நின்று திரும்பினார்கள். விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எங்களை எண்ணினார்கள். "ஏழு. சரி, எல்லாரும் வந்தாச்சு. வீட்டுக்குப் போங்க" என்றார்கள்.

நாங்கள் ஏழு பேரும் அன்று ஒரு காரியம் கற்றுக்கொண்டோம். பாட்டிமார் வள்ளங்களை எண்ணுவது விளையாட்டு இல்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, யாரும் குறையாமல் இருக்கிற ஒரு நாளைத்தான் எங்கள் ஊர் ஞாயிறு என்று சொல்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளை நாங்கள் பொய் சொல்லித் திருடிக்கொண்டிருந்தோம். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கியது. காத்திருக்கும் காலம் என்று பங்குத்தந்தை சொன்னார். மாலை நான்கு மணிக்கு நாங்கள் போனபோது மாமி வாசலில் குடையோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

கணக்கு வீட்டுப்பாடத்தை மட்டும் அன்றும் முடிக்கவில்லை. திங்கட்கிழமை சிஸ்டரிடம் ஏழு பேரும் உண்மையைச் சொன்னோம். வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றோம், ஏழு பேரும்.

பத்தாம் வகுப்பு மாணவியர் எழுவர் சார்பில்