ஸ்டியரிங் இல்லாத வண்டி

2025 பொங்கலுக்குக் குடும்பத்தோடு பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குப் போனோம். அப்பா நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பார்வை மங்கியதும் சாவியை நான் வாங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சே கிடையாது. விடியற்காலையில் முதல் பலூன் எழும்பியபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஸ்டியரிங் எங்கடா?"

"இல்லீங்ப்பா. பர்னரை எரிச்சா ஏறும், சூடு குறைஞ்சா எறங்கும். போற பக்கம் காத்து பார்த்துக்கும்."

பொள்ளாச்சியில் கிளம்பிய ஒரு பலூன் காற்றோடு போய்ப் பாலக்காட்டு வயலில் இறங்கியதாகப் பேப்பரில் செய்தி. படித்துக் காட்டினேன்.

"பர்மிட் இல்லாம கேரளாவா? செக்போஸ்ட்ல எவனும் மடக்கலையா?"

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊர் திரும்பும்போது பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ஸ்டியரிங் கையில இல்லாட்டியும் பத்திரமா எறங்கிடலாம் போலிருக்கு."

நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். கண் கலங்கினால் ஆக்ஸிடெண்ட் ஆகிவிடுமே!