சாத்பூரா மலையில் சக்கர வீடு

நாகபுரியில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் தெற்கே செல்லும் ரயிலே நினைவுக்கு வரும். ரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், நண்பர் ஒருவர் தம் கேரவன் வண்டியை மூன்று நாட்களுக்கு மனமுவந்து அளித்தமையால், இம்முறை குடும்பத்துடன் பச்மடி செல்ல முடிவு செய்தோம்.

அந்நிலையில், கோவில்பட்டியில் எங்கள் தாயாருக்கு நடக்கவிருந்த கண்புரைச் சிகிச்சை, பிரயாணத்தின் இரண்டாம் நாளுக்கே வந்து சேர்ந்தது. தம்பி உடனிருந்தான். எனினும், "முகத்தைக் காட்டிப் பேசுங்கள், அது போதும்" என்றார் தாயார். ஆகவே வண்டியில் வைஃபை அமைப்பது பொழுதுபோக்காக இன்றிக் கடமையாயிற்று.

தகர வண்டிக்குள் கைப்பேசி அலை மெலிந்துவிடும். எனவே காந்த அடியுள்ள ஆன்டெனாவைக் கூரைமேல் ஒட்டவைத்து, சிம் கார்டு ஏற்கும் ரூட்டருடன் இணைத்தோம். கம்பி நீண்டால் அலையின் வலிமை குறையும். ஆதலால் ரூட்டருக்கு மேல் அலமாரியிலேயே இடம் தந்தோம். ரூட்டரும் வண்டியின் பாட்டரியும் 12 வோல்ட்டே. ஆனால் எஞ்சின் ஓடும்போது பாட்டரி 14 வோல்ட் வரை ஏறுமாகையால் இடையே ரெகுலேட்டர் ஒன்று வைத்தோம். வெவ்வேறு கம்பெனிகளின் இரு சிம்கள் எடுத்துக்கொண்டோம். ஹார்ட் டிஸ்கில் பழைய படங்களை நிரப்பி ரூட்டரில் சொருகினோம்.

சிந்த்வாடாவைக் கடந்ததும் சாலை வளைந்து ஏறுகிறது. இருமருங்கும் தேக்கு, இடையிடையே மஹுவா. அது நம் இலுப்பையேதான். தாமியாவுக்கு அப்பால் பாதாள்கோட் பள்ளத்தாக்கு, ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் விரிகிறது. கீழே பாரியா, கோண்டு மக்களின் சிற்றூர்கள். இறங்கியே தீர வேண்டும் என்றான் மகன்.

இரண்டாம் நாள் பகல் மூன்று மணிக்கு அப்பள்ளத்தின் விளிம்பில் நின்றோம். சிம்மில் அலை இல்லை. டிவியிலோ படம் தடையின்றி ஓடியது.

"வைஃபை இருக்கிறதே, பாட்டியிடம் ஏன் பேச முடியவில்லை?" என்று வினவினான் மகன்.

"யார்டுக்குள் வண்டிகளை எப்படியும் நகர்த்தலாம்; வெளியூர் போக மெயின் லைன் வேண்டுமல்லவா? வைஃபை நம் யார்டு. மெயின் லைன் இங்கே இல்லை" என்றோம்.

இறங்கினால் மாலைக்குள் மீள இயலாது. அவன் முகம் வாடியதைக் கண்டும் வண்டியைத் தாமியா மேட்டுக்கே திருப்பினோம். இரண்டாம் சிம்மை மாற்றியதும் மெல்லிய அலை கிட்டியது. நாலரை மணிக்கு மணியடித்தது. ஒரு கண்ணில் கட்டுடன் தாயார் தோன்றி, "பிள்ளைகள் சாப்பிட்டார்களா, ஐயா?" என்று கேட்டார். சிகிச்சையைப் பற்றித் தம்பிதான் கூறினான்.

மறுநாள் பச்மடியில் இருந்தபோது மீண்டும் அழைத்தார். கட்டு அவிழ்த்தாயிற்று. மலையைக் காட்டினோம்; அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலை நரைத்துவிட்டதே, ஐயா! இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே" என்றார்.

மலைப்பகுதிக்குச் செல்லும் அன்பர்கள் ஒரே சிம்மை நம்பாதிருப்பார்களாக. பாதாள்கோட் இறக்கம் மட்டும் மகனிடம் எங்களுக்குக் கடனாக நிற்கிறது.