மருமகளின் பெயர்

வேற்றிடத்தில் குடியேறி வாழும் குடும்பங்களில் திருமணம் தாலி கட்டியவுடன் முடிந்துவிடுவதில்லை. பந்தலைப் பிரித்து, சமையற்காரர் கணக்கைத் தீர்த்து, உறவினரை வழியனுப்பிய மறு வாரமே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் இரண்டாம் படலம் தொடங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு அந்தப் படலத்தை நாங்கள் சித்திரையில் தொடங்கிக் கார்த்திகையில் முடித்தோம். இத்தனைக்கும் காரணம் மருமகளின் பெயரில் இருந்த ஒரே ஓர் ஆங்கில எழுத்து. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் நம் அன்பர்களிடையே பல என்பதை அறிவோம். ஆதலின், பட்டறிந்ததை இங்கு எழுதலானோம்.

நாங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகாலில் இரண்டு தலைமுறையாக வாழ்ந்து வருகிறோம். இவ்வட்டாரத்திற்குத் தமிழர் வருகை புதிதன்று. பாலராமவர்மா மன்னர் காலத்திலேயே தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர்களை வரவழைத்து நெசவுக்கென்று குடியமர்த்திய பாலராமபுரம் எங்களுக்கு அண்டை ஊர்தான். மருமகள் விளவங்கோடு வட்டத்துப் பெண். பாறசாலையைக் கடந்து களியக்காவிளையைத் தாண்டினால் அவள் ஊர்ப் பக்கம் வந்துவிடும். இரண்டு வீட்டிலும் ஒரே குழம்பு, ஒரே பேச்சு. மீனுக்குப் புளி சேர்ப்பதில் மட்டும் இரு சம்பந்திகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் அடுத்தடுத்த வட்டங்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் உடன் சென்றது. நேசமணி அவர்களும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசாரும் கேட்டவற்றுள் நெய்யாற்றின்கரைத் தமிழ்ப் பகுதியும் ஒன்று, அது கிடைக்கவில்லை. அந்த வழக்கை இங்கே மீண்டும் எடுத்துரைப்பது எங்கள் நோக்கமன்று. எல்லைக் கோடு நிலத்தின்மேல் மட்டுமே விழுந்தது என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அது பெயர்களின் நடுவிலும் விழுந்திருக்கிறது என்பது மருமகள் வந்த பின்னரே தெரிந்தது.

அவள் பெயரை இங்கு வெளியிடுவது முறையன்று. அதே சிக்கல் உள்ள ‘தங்கம்’ என்னும் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழில் எழுதினால் இதில் ஐயத்திற்கே இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டார் நடுவில் ‘ஜி’ என்னும் எழுத்தை இடுவர். நாம் ஒலிப்பது அவ்வாறுதான். மலையாளத்தில் அதே சொல்லில் ககரம் வல்லொலியாகவே நிற்பதால் இங்குள்ளோர் ‘கே’ இடுவர். முருகன் என்ற பெயருக்கும் இதே கதிதான். ரவீந்திரன் என்றால் அங்கே ஓர் ‘ஐ’ போதும். இங்கே இரண்டு ‘ஈ’ வேண்டும். அங்கு ஸ்ரீகுமாரின் ‘ஸ்ரீ’ ‘ஐ’யில் முடியும், இங்கு அதுவும் இரட்டை ‘ஈ’யில் முடியும். எவரும் பிழையாக எழுதவில்லை. அவரவர் காதுக்கு அவரவர் எழுத்து சரி. ஆனால் கணிப்பொறிக்குக் காது இல்லையே!

தலைப்பெழுத்தின் கதை வேறு. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும். கேரளத்தில் வீட்டுப் பெயரும் தந்தை பெயரும் எழுத்துகளாகச் சுருங்கிப் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் நிற்கும். ஆக, முன்னால் நிற்பதைப் பின்னால் தேடுகிறவரும், பின்னால் நிற்பதை முன்னால் தேடுகிறவரும் ஒரே மேசையின் இரு புறமும் அமர்ந்திருக்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்லுகிறோம். திருமணம் பெண் வீட்டார் ஊரில் நடந்தது. ஆகவே பதிவும் அங்கேதான் நடைபெற வேண்டும். உச்ச நீதிமன்றம் 2006இல் அளித்த தீர்ப்பை ஒட்டி எல்லாச் சமயத்தார்க்கும் திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. கேரளத்தில் அதற்கான விதிகள் 2008இல் வந்தன; உள்ளாட்சி அலுவலகத்தில் 45 நாள்களுக்குள் பதிய வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டம் 2009ஆம் ஆண்டினது; சார்பதிவாளரிடம் 90 நாள்களுக்குள் பதிய வேண்டும். மணமகன் எந்த மாநிலத்தவர் என்பதன்று கணக்கு. மணம் எங்கு நடந்தது என்பதே கணக்கு. இதை அறியாமல் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நின்று திரும்பியவர்களை நாங்கள் அறிவோம்.

பதிவுக்கு அழைப்பிதழையும் கேட்டார்கள். பெண் வீட்டு அழைப்பிதழ் தமிழில் இருந்தது. எங்கள் பக்கத்து அழைப்பிதழை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட அச்சகத்தார், இவ்வூர் வழக்கப்படி ‘கே’ போட்டிருந்தார். பள்ளிச் சான்றில் ‘ஜி’. எது மணமகள் என்ற கேள்வி எழுந்தது. ஒரு பிரமாணப் பத்திரத்தோடு அது தீர்ந்து, சான்றிதழ் ‘ஜி’ என்றே வந்தது. அம்மட்டில் மகிழ்ந்தோம்.

மகன் வளைகுடாவில் பணியில் இருப்பவன். முப்பது நாள் விடுப்பில் வந்து, மணம் முடித்துத் திரும்பிவிட்டான். அவனிடம் மருமகளை அனுப்ப வேண்டுமானால் அவளுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு இவ்வூர் முகவரி வேண்டும். முகவரிக்கு ஆதாரைத் திருத்த வேண்டும். ஆதாருக்கு இங்குள்ள ரேஷன் கார்டில் அவள் பெயர் ஏற வேண்டும். அது ஏற, தாய்வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்ட சான்று வேண்டும். நீக்கச் சான்று விரைவில் கிடைத்தது. இங்கே பெயரைச் சேர்த்தவர் ஓர் அலுவலகத்து இளைஞர். கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். படித்ததைத் தம் வழக்கப்படி ‘கே’ என்று தட்டச்சிட்டார். தலைப்பெழுத்தும் பின்னால் போயிற்று. ஆதார் முகவரித் திருத்தம், பெயர் ஒத்துவரவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று.

“ஆதாரிலேயே பெயரை ‘கே’ என்று மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று அருகிலிருந்த ஒருவர் யோசனை சொன்னார். இந்த யோசனையைப் பலரும் பலர்க்கும் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு எளியது, ஆனால் பெருந்தீங்கு விளைப்பது. ஆதாரில் முகவரியை வேண்டிய அளவு மாற்றலாம். பெயரையோ வாழ்நாளில் இரண்டே முறைதான் மாற்ற இடமுண்டு. மேலும் அங்கு ‘கே’ ஆக்கினால் பள்ளிச் சான்றும் திருமணச் சான்றும் வங்கிக் கணக்கும் வருமானவரி எண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக அந்நியமாகிவிடும். கடைசியாக வந்த தாள் பிழையானால் கடைசித் தாளைத்தான் திருத்த வேண்டும். முதல் தாளைத் தொடலாகாது.

2023 சனவரி முதல் குடும்பத் தலைவரின் இசைவோடு முகவரியை மாற்றும் வழி ஒன்று வந்திருக்கிறது. திருமணச் சான்றைக் காட்டிக் கணவனின் முகவரியை மனைவி பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இசைவு கேட்கும் செய்தி செல்லுகின்ற கைப்பேசி எண், மகன் ஊரிலிருந்தபோது வைத்திருந்த எண். அது அங்கே மேசை இழுப்பறையில் உயிரற்றுக் கிடந்தது. வெளிநாடு செல்லுகிற பிள்ளைகள் இந்திய எண்ணைக் கைவிட்டுவிட வேண்டாம் என்பதைப் பெற்றோர் சொல்லி அனுப்புவது நலம்.

நிற்க. இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. குடும்பத்தில் மூத்தவரான பெரியப்பா, “எப்படியும் கார்டைத் திருத்தத்தானே போகிறோம், அதோடு பெண்ணின் தலைப்பெழுத்தையும் நம் பையன் எழுத்தாக மாற்றிவிடலாமே” என்றார். அவர் சொன்னதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. அவர் காலத்தில் அதுவே மரியாதை. மருமகள் அன்று சமையலறை வாயிலில் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை எங்களிடம் உரக்கப் பேசியறியாதவள், “மாமா, ஓர் எழுத்துதானே என்கிறார்கள். அந்த எழுத்து எங்கள் அப்பா” என்றாள். அவள் தந்தை இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியப்பா அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் அவரே முன்வந்து வில்லேஜ் ஆபீசுக்கு எங்களோடு புறப்பட்டார்.

இந்நாட்டுச் சட்டம் எதுவும், மணமான பெண் தன் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கடவுச்சீட்டில் கணவன் பெயர் ஏற வேண்டுமானால் அதற்கெனத் தனி இடம் இருக்கிறது. பெண்ணின் பெயரோடு ஒட்டவேண்டிய தேவையில்லை. 2016 டிசம்பரில் வெளியான திருத்தங்களுக்குப் பின் கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்குத் திருமணச் சான்றையே கட்டாயமாகக் கேட்பதில்லை. இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் பெயர் மாற்றுவதை ஒரு சடங்காகவே செய்துவருகிறோம். சடங்கு முடிந்த அன்றே அலைச்சல் தொடங்குகிறது.

மலேசியத் தமிழர் வழக்கம் இவ்வகையில் நமக்கு வியப்பளிக்கும். அங்கே அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில், ஆணுக்கு ‘ஏ/எல்’ என்றும் பெண்ணுக்கு ‘ஏ/பி’ என்றும் எழுதுகிறார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கங்கள் அவை. தந்தை பெயர் எழுத்தாகச் சுருங்காமல் முழுமையாக நிற்கிறது. பெண் மணமாகிப் போனாலும் இன்னாரின் மகள் என்பது பொய்யாகிவிடுவதில்லையாதலால் அதை மாற்றுவதும் இல்லை. நம் தலைப்பெழுத்தும் அதே செய்தியைத்தான் சொல்லுகிறது. ஆனால் நாமாகவே விரித்துச் சொன்னாலன்றி அயலார்க்கு விளங்குவதில்லை.

விரித்துச் சொல்லவேண்டிய இடம் கடவுச்சீட்டு. அதில் தலைப்பெழுத்தை அப்படியே வைக்க இயலாது. முழுப் பெயராக எழுத வேண்டும். தந்தை பெயர் குடும்பப் பெயரின் கட்டத்தில் அமர்கிறது. விமான நிலையத்தில் நம் பெண்களைத் தந்தையின் பெயரால் ‘திருமதி’ என்று விளித்துத் திகைக்க வைப்பது இதனால்தான். சிலர் இந்தச் சங்கடத்திற்கு அஞ்சி அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதுவும் ஆபத்தே. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் நெஞ்சு படபடத்திருக்கும்!

வில்லேஜ் ஆபீசில் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. இரு விதமாக எழுதப்பட்ட பெயர்களுக்கு உரியவர் ஒருவரே என்று உறுதி கூறும் சான்று ஒன்றைக் கேரள வருவாய்த் துறை வழங்குகிறது. அக்ஷயா மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அதைப் பற்றி எங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கக்கூடியவர்கள் நால்வர், சொன்னவர் ஒருவருமில்லை. விண்ணப்பத்தோடு ஒரு மனுவும் எழுதினோம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு கூறுகிறது. இங்குள்ள தமிழரும் கன்னடரும் அரசோடு தம் மொழியில் எழுத்துப் போக்குவரவு செய்யக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் வகை செய்திருக்கிறது. ஆகவே தமிழிலேயே எழுதினோம். மலையாளப் படி ஒன்றையும் உடன் இணைத்தோம். உரிமைக்குத் தமிழ், விரைவுக்கு மலையாளம். அந்த அலுவலர் இரண்டையும் படித்துவிட்டுத் தமிழ்ப் படியில்தான் கையொப்பமிட்டு வாங்கினார்.

சான்று வந்தது, ரேஷன் கார்டு திருந்தியது, ஆதாரில் முகவரி மாறியது, ஐப்பசியில் கடவுச்சீட்டும் வந்து சேர்ந்தது. முடிந்தது என்று எண்ணினால், திருமணச் சான்றுக்கு மேலொப்பம் பெறவேண்டும் என்றார்கள். சான்று தமிழ்நாட்டில் வாங்கியது. ஆகவே ஒப்பமிட வேண்டியது தமிழ்நாட்டு உள்துறை. திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்க, அந்தத் தாள் ஓர் இரவு முழுதும் ரயிலேறிச் சென்னை சென்று திரும்பியது. அதன்பின் தில்லி, அதன்பின் தூதரகம்.

கார்த்திகை மாதம் மருமகள் புறப்பட்டாள். மணமாகி முப்பது நாளும் முடியுமுன் பிரிந்தவர்கள் ஏழு மாதம் கைப்பேசித் திரையில் மட்டுமே ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த ஏழு மாதமும் அவள் எங்களோடு பிணக்கின்றி இருந்தாள் என்பது வேறு. ஆயினும் இரவில் திண்ணையில் தனியே அமர்ந்திருந்த பெண்ணைக் காணும்போதெல்லாம், எந்த அலுவலகத்து ஏட்டிலும் இந்த நாள்களுக்குக் கணக்கு எழுதுவோர் இல்லையே என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு.

இப்போது அவள் தலைப்பேற்றுக்காக வரும் மாசியில் ஊருக்கு வருகிறாள். 2023 அக்டோபர் 1ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கையில் பிறந்த நாளுக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று ஒன்றே செல்லும் என்பதால், அந்தச் சான்றில் தாயின் பெயர் எவ்வாறு ஏறுகிறது என்பதில் நாங்கள் இப்போதே கருத்தாக இருக்கிறோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் தன் பெயரையும் கணவன் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பெரியதாக எழுதி மருமகள் அனுப்பியிருக்கிறாள். ‘ஜி’யைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். மருத்துவமனைச் சீட்டுகள் வைக்கும் உறையில் முதல் தாளாக அதைப் பெரியப்பா வைத்திருக்கிறார்.