காதோடு தங்கிய சிரிப்பு

சிரிப்புக்கு ஆயுள் குறைவு. நேற்று நம்மைக் குலுங்கவைத்த துணுக்கு இன்று புளித்துப்போகிறது. ஆயினும் சில நகைச்சுவைகள் அரை நூற்றாண்டைக் கடந்தும் சலிக்காமல் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றை நாம் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம். இதன் காரணம் என்ன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பிரிட்டனில் பி.பி.சி. வானொலி 1951 முதல் 1960 வரை ஒலிபரப்பிய 'கூன் ஷோ' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுகளை அந்நாட்டினர் இன்றும் விரும்பிக் கேட்கின்றனர். நமக்கும் அத்தகைய செல்வம் உண்டு. ஆனால் அது வேறு வழியாக வந்தது. இங்கே திரைப்படமே காதுக்குரிய கலையாக மாறியது. இசைத்தட்டுகளில் 'கதை வசனம்' வந்தது. ஒரு முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கி, 'ஒலிச்சித்திரம்' என்று விவிதபாரதி வழங்கியது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் நான் சிறுவனாயிருந்த எழுபதுகளின் இறுதியில், திருமணமோ காதணி விழாவோ எதுவாயினும், மைக்செட்காரர் முதலில் தேடி எடுப்பது கதை வசனத் தட்டைத்தான். கொட்டகைக்குச் செல்லக் காசில்லாதவருக்கும் வசனம் மனப்பாடம்.

அவற்றுள் முதலிடம், 1965-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்துத் தருமிக்கு. ஆயிரம் பொற்காசுகள் பரிசு என்று கேள்விப்பட்ட ஏழைப் புலவன் கோவிலில் தனியே நின்று புலம்புகிறான். ஆசை, அச்சம், பசி மூன்றும் ஒரே மூச்சில் வந்து மோதுகின்றன. நாகேஷின் ஒல்லியான உருவத்தைக் காணாமலே அந்த ஒல்லியான குரலில் ஒரு வாழ்க்கை முழுவதையும் கண்டுகொள்கிறோம். அவையில் பாட்டில் குற்றம் கண்டபோது, குற்றத்துக்கு ஏற்பப் பரிசைக் குறைத்துக் கொடுக்கலாகாதா என்று அவன் மன்றாடுகிறான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, ஏதோ ஒரு காரணம் காட்டிக் கூலியைப் பிடித்துக்கொண்ட நாளில் வீடு திரும்பியவர்களும் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது தருமியைப் பார்த்தா, தங்களைப் பார்த்தா?

அதற்கும் முன்னே, 1949-இல் வந்த 'நல்லதம்பி'யில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபம் உண்டு. கல்வி தேடிப் பட்டணம் செல்லும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதை அது. அதிலே சிரிப்பு, தாழ்த்தப்பட்டவன்மீது விழவில்லை, தாழ்த்தியவன்மீது விழுந்தது.

பிற்காலத்தில் வானொலிக்கே உரியவராய் வந்தார் தென்கச்சி கோ. சுவாமிநாதன். 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியில் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே போவார். இறுதியில் ஒரு சிறு கதை. நாம் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார். தொண்ணூறுகளில் எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டுக்கு விரைந்த பலர் தேநீர்க் கடையில் அக்குரலுக்காக நின்றதுண்டு. 2009-இல் அவர் மறைந்தார். குரல் ஒலிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் குடிபெயர்ந்து வாழ்கிறது.

பழையன யாவும் பொன் என்று நான் சொல்லவரவில்லை. திக்குவாயையும், கறுப்பு நிறத்தையும், மனைவியரையும் கேலி செய்து கைத்தட்டல் பெற்ற பதிவுகளும் ஏராளம். அவற்றை இன்று கேட்டால் கூச்சமே மிஞ்சுகிறது. நின்று நிலைத்தவை, பெரும்பாலும் தன்னையே நகைத்துக்கொண்டவை அல்லது வலியவனை நகைத்தவை.

பங்கில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்கையில், திருவொற்றியூர்ச் சந்து ஒன்றில் ஒரு முதியவர் இல்லத்துக்குச் செல்வது வழக்கம். துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு கண்களைப் பறித்துக்கொண்டது. ஒருநாள் பேரனின் கைப்பேசியில் தருமியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் கையை உயர்த்தி, "இருங்க சாமி, இது எங்க வீட்டுக்காரி சிரிக்கிற இடம்" என்றார். அந்த அம்மாள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சிறிது நேரம் காத்திருந்தார்; பிறகு தாமும் சிரித்தார்.

ஒலிப்பதிவு நமக்குத் தருவது நடிகரின் குரல் மட்டுமன்று. அதனைக் கேட்டு நம்மோடு சிரித்தவர்களின் குரலும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. ஒலியோ, முகத்தையும் இடத்தையும் நம்மிடமே விட்டுவிடுகிறது. அங்கே நாம் நமக்கு வேண்டியவர்களை அமர்த்திக்கொள்கிறோம்.

இன்று ஒரே வீட்டில் நால்வர், நான்கு காதுகளில் நான்கு கருவிகள், நான்கு தனிச் சிரிப்புகள். அன்பு வாசகரே, உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், ஒரு ஞாயிறு பிற்பகல் அவர் விரும்பும் பழைய வசனத்தை ஒலிக்கவிட்டு அருகில் அமருங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடத்தில் முன்பு யாரெல்லாம் சிரித்தார்கள் என்றும் கேளுங்கள்.