பழகிய கப்பலும் புதிய கப்பலும்

பலசரக்கு வாங்கும் கடையை மாற்றுவதற்கே நம்மவர் பலமுறை யோசிப்பர். வைத்தியரை மாற்றுவதென்றால் வீட்டில் ஒரு மகாநாடே கூடிவிடும். அங்ஙனமிருக்க, பதினான்கு ஆண்டுகளாக ஒரே கம்பனியின் கப்பல்களிற் கடற்பிரயாணஞ் செய்து பழகிய இருவர், முதுமைக் காலத்தில் வேறொரு கம்பனியை நாடலாமா என்று ஆலோசிப்பது சிறிய விடயமன்று. சென்ற மாரிகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் நடைபெற்ற ஆலோசனை இதுவே. அதில் நாங்கள் அறிந்துகொண்டவை, கப்பலில் ஏறும் எண்ணமே இல்லாதவர்க்குங்கூடப் பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்திற் பிறந்து, இலண்டனில் ஆசிரியத் தொழில் பார்த்து இளைப்பாறியவர்கள். அவர் கணிதம் கற்பித்தவர். பிள்ளைகள் தத்தம் குடும்பங்களோடு வேறு வேறு ஊர்களில் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை சவுதாம்ப்டன் துறைமுகத்திற் கப்பலேறி, பத்துப் பன்னிரண்டு நாட்களைக் கடலிற் கழித்து, அதே துறைமுகத்துக்குத் திரும்புவதே எங்களுக்கு நாங்கள் அளித்துக்கொண்ட ஒரே ஆடம்பரம். விமான நிலையத்தின் நீண்ட வரிசைகள் இல்லை. பெட்டியை ஒருமுறை அவிழ்த்தாற் போதும். ஊர்கள் தாமே நம்மைத் தேடி வருவது போன்றதொரு சுகம் அதில் உண்டு.

எங்கள் பெற்றோர் காலத்தில் இத்தகைய ஆலோசனைக்கு இடமே இருக்கவில்லை. 1950களிற் கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர்களுட் பலர் பி. அன்ட் ஓ., ஓரியண்ட் லைன் முதலிய கம்பனிகளின் கப்பல்களிலே சுயெஸ் கால்வாய் வழியாகப் போயினர். கப்பல் எப்போது வரும், கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு தெரிவு முடிந்துவிடும். ஊர் போய்ச் சேர்வதே அவர்களின் நோக்கம். ஆகாய விமானம் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. இன்று உல்லாசப் பிரயாணக் கப்பலில் ஏறுபவர் எங்கேயும் போய்ச் சேர வேண்டியவர் அல்லர். கப்பலில் இருப்பதே அவருடைய நோக்கம். ஆகவே எந்தக் கப்பல் என்ற கேள்வியே முதற் கேள்வியாகிவிட்டது.

மாற்றம் வந்த விதம்

நாங்கள் பழகிய கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அது எங்களுக்கு நல்ல நாட்களையே தந்தது. ஆயினும், நாங்கள் விரும்பிய கப்பல் சில ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்டு வேறு நாட்டுக்குப் போயிற்று. அதனிடத்தில் வந்தது அதைவிட இருமடங்கு பெரிய கப்பல். அதற்கிடையில் என் கணவருக்குச் சிறிய பாரிசவாதம் ஒன்று வந்து, இடது கால் பலவீனமடைந்தது. கைத்தடி ஊன்றி நடக்கின்றார். பிரயாணஞ் செய்யலாம் என்று வைத்தியர் அனுமதி அளித்திருக்கின்றார். ஆனால் இன்னும் எத்தனை பிரயாணங்கள் என்பதை எங்கள் இருவரில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

கடந்த பிரயாணத்தில், எங்கள் அறைக்கும் உணவு மண்டபத்துக்கும் இடையே ஒரு நெடிய நடைவழி இருந்தது. அதன் நடுவில் ஒருநாள் அவர் நின்றுவிட்டார். அறைகளைச் சுத்தஞ் செய்யும் பெண் ஒருத்தி ஓடிச்சென்று கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டாள். அதில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இஞ்சாரும், சாப்பிடப் போய் வாறதே இப்ப ஒரு பிரயாணமாய்ப் போச்சுது" என்றார். நானும் அவருடன் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வீடு திரும்பியதும் வேறு கம்பனிகளைப் பார்ப்போமா என்று கேட்டேன். "பதினாலு வருஷமாய்ப் போற இடம். அவங்களுக்கு எங்களைத் தெரியும். புது இடத்தில ஆர் எங்களை அறிவினம்?" என்று மறுத்தார். இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. நோயுற்றவருக்குத் தம்மை அறிந்தவர்கள் இருக்கும் இடமே பாதி மருந்து.

கணக்குப் பார்த்தல்

மறுமொழியை அவருடைய பாஷையிலேயே சொல்ல எண்ணினேன். கப்பல்களின் விபரங்களைத் திரட்டி அவர்முன் வைத்தேன். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போடத் தொடங்கினார்.

கப்பலின் அளவைத் தொன்னிற் கூறுவர். இங்கே தொன் என்பது நிறையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளே அடங்கும் இடத்தின் அளவைக் கொண்டு கணிக்கப்படுவது. அதனைப் பிரயாணிகளின் தொகையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது ஒருவாறு தெரியவரும். 2021இற் பிரயாணத்தைத் தொடங்கிய பி. அன்ட் ஓ. கம்பனியின் 'அயோனா' ஏறக்குறைய 184,000 தொன். பிரயாணிகள் ஏறக்குறைய 5,200 பேர். வகுத்தால் 35 வரும். 2004இற் சேவைக்கு வந்த குனார்ட் கம்பனியின் 'குயீன் மேரி 2' ஏறக்குறைய 149,000 தொன். பிரயாணிகள் 2,700 பேரளவில். விடை 55. 2015இல் வந்த 'வைக்கிங் ஸ்டார்' 930 பேரையே ஏற்றுவது. அதற்கு விடை 51. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென நடத்தப்படும் சாகா கம்பனியின் 'ஸ்பிரிட் ஒப் டிஸ்கவரி' 999 பேருக்கானது, விடை 58. பிரெட் ஒல்சன் கம்பனியின் 'பொலெட்' ஏறக்குறைய 1,380 பேருக்கானது, விடை 45.

இவ்விடத்தில் என் கணவர் பேனாவை நிறுத்தி, "இது போதாது. நீளம் எவ்வளவு?" என்று கேட்டார். ஆசிரியர் ஆசிரியரே. இடம் விசாலமாயிருந்தாலும், நடக்கவேண்டிய தூரம் குறைந்துவிடாது. 'அயோனா', 'குயீன் மேரி 2' இரண்டும் ஏறக்குறைய 345 மீற்றர் நீளமானவை. மற்றைய மூன்றும் 230 முதல் 240 மீற்றர் அளவிலானவை. ஒருவருக்குரிய இடத்தில் முன்னணியில் நிற்கும் 'குயீன் மேரி 2', கைத்தடியோடு நடப்பவரின் கணக்கிற் பின்தங்கிவிடுகின்றது. ஒரே கப்பல் ஒருவருக்குச் சொர்க்கமாகவும் மற்றொருவருக்குச் சிரமமாகவும் இருக்கக்கூடும் என்பது அப்போது எங்களுக்கு விளங்கிற்று.

பெரிய கப்பல்களை நான் இகழவில்லை. 2024இற் சேவைக்கு வந்த 'ஐகோன் ஒப் த சீஸ்' 7,600 பிரயாணிகள்வரை ஏற்றவல்லது. நீச்சற் குளங்களும் நீர்ச் சறுக்குகளும் அதில் உண்டு. பிள்ளைகளோடு செல்பவர்க்கு அது ஒரு திருவிழா. ஆனால் பெருமைக்கும் எல்லையுண்டு. 2021 ஓகஸ்ட் முதல், 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் மத்திய கால்வாயினுள் நுழைவது தடுக்கப்பட்டுள்ளது. சிறிய கப்பல் ஊரின் வாசலில் நிற்க, பெரிய கப்பல் ஊருக்குப் புறம்பே நிற்பதும் பல இடங்களில் உண்டு.

கட்டணமும் உணவும்

கட்டணத்தை ஒப்பிடும்போது விளம்பரத்திற் பெரிய எழுத்தில் உள்ள தொகையை மாத்திரம் பார்த்தலாகாது. வைக்கிங் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா கட்டணத்துள் அடங்கும். சாகாவிற் காப்புறுதியும், குறிப்பிட்ட தூரத்துக்குள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டு செல்லும் காரும் அடங்கும். வேறு சிலவற்றில் முதலிற் செலுத்துவது குறைவு. பணியாளருக்கான இனாம், பானங்கள், சுற்றுலாக்கள் என்று பின்னர் ஒவ்வொன்றாகச் சேரும். நோயுற்ற முதியவர்க்குக் காப்புறுதிப் பணமே பெருந்தொகை. இவை அனைத்தையுங் கூட்டிப் பார்த்தபோது, மலிவு என்று நாங்கள் எண்ணியிருந்த ஒன்று அவ்வளவு மலிவாய் இருக்கவில்லை.

உணவைப் பற்றியும் கேட்டறிந்தோம். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மரக்கறியே உண்பவர்கள். முன்கூட்டி அறிவித்தாற் சமைத்துத் தருவோம் என்றே எல்லாரும் சொல்கின்றனர். எனினும், சென்ற பிரயாணங்களின் உணவுப் பட்டியலை அனுப்பும்படி கேட்பது நல்லது. மரக்கறி உணவு என்பது வேறு, நம்முடைய நாவுக்கு இணங்கும் மரக்கறி உணவு என்பது வேறு.

வைக்கிங் கப்பல்களிற் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. அமைதியை விரும்புபவர்க்கு அது பெருவரம். எங்களுக்கோ, பேரப்பிள்ளை ஒருத்தியை ஒருமுறையேனும் உடன் அழைத்துச் செல்லும் ஆசை இருந்தது. அவளுக்கு வயது பதினொன்று. அதனால் வைக்கிங்கும் சாகாவும் எங்கள் பட்டியலிலிருந்து விலகின.

யாருக்கு விசுவாசம்?

விபரங்களைத் தேடியபோது இன்னுமோர் உண்மை வெளிப்பட்டது. கார்னிவல் என்ற அமெரிக்கக் கம்பனி 1989இல் ஹொலண்ட் அமெரிக்காவையும், 1998இற் குனார்ட்டையும் வாங்கிற்று. 2003இற் பி. அன்ட் ஓ., பிரின்செஸ் ஆகியவையும் அதனுடன் இணைந்தன. செலிபிரிற்றி என்ற கம்பனி 1997 முதல் றோயல் கரிபியனுக்குச் சொந்தம். பெயர்ப்பலகைகள் பல, முதலாளிகள் சிலரே. கம்பனி மாறுகின்றோம் என்று எண்ணுபவர் சில வேளைகளில் ஒரே வீட்டில் அறை மாத்திரமே மாறுகின்றார்.

கப்பல்களும் மாறுகின்றன. 'பொலெட்' முன்னர் ஹொலண்ட் அமெரிக்காவின் 'அம்ஸ்டர்டாம்'. அதன் துணைக்கப்பலான 'பொரியாலிஸ்' முன்னர் 'ரொட்டர்டாம்'. இரண்டையும் 2020இற் பிரெட் ஒல்சன் வாங்கிப் புதுப்பெயர் சூட்டிற்று.

இவையெல்லாம் சொல்லியும் என் கணவர் முழுமனதோடு இணங்கவில்லை. அவருடைய மனம் உண்மையிற் பற்றியிருந்தது ஒரு மனிதரிடத்தில். எங்கள் மேசைக்கு உணவு பரிமாறிவந்த தூத்துக்குடி இளைஞர் அவர். இவருக்குக் காலையிற் கஞ்சி வேண்டும், தேநீரிற் சீனி வேண்டாம் என்பதைச் சொல்லாமலே அறிந்தவர். "ஐயா" என்று அழைத்து அருகில் நின்று இரண்டு வார்த்தை தமிழிற் பேசிவிட்டே போவார். பாரிசவாதத்துக்குப் பின் இவருடைய கை நடுங்கியபோது, பிறர் காணாவண்ணம் கிண்ணத்தை அரைவாசி மாத்திரம் நிரப்பி வைத்தவரும் அவரே.

தைப்பொங்கல் வாழ்த்துக் கூறுவதற்கு அவர் தொலைபேசியில் அழைத்தார். என் கணவர் ஆவலோடு, "தம்பி, இந்த வருஷம் எந்தக் கப்பல்?" என்று கேட்டார்.

"ஐயா, நான் கம்பனி மாறிட்டேன். அங்க பதவி உயர்வு குடுத்தாங்க. வீட்டுக்கு வர லீவும் கொஞ்சம் கூடுதல். பிள்ளை என்னைப் பார்த்தா அழாம இருக்கிறான்" என்றார் அவர்.

என் கணவர் அவரை மனமார வாழ்த்தினார். தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவன் செய்தது சரி" என்றார். சற்று நேரங் கழித்துக் கலண்டர்த் தாளைத் தாமாகவே எடுத்து மீண்டும் விரித்தார்.

கம்பனிகள் நமக்குத் தரும் விசுவாசப் புள்ளிகளில் பயன் இல்லாமல் இல்லை. சில சலுகைகள் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். ஆனால் முதலாளி மாறலாம், கப்பல் விற்கப்படலாம், பணியாளர் வேறிடம் போகலாம். யாரும் அதனாற் குற்றவாளி ஆவதில்லை. அங்ஙனமிருக்கப் பிரயாணி மாத்திரம் மாறாதிருக்க வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. பழகிய இடத்தை விட்டுச் செல்வது நன்றிமறத்தல் அன்று. அங்கே பெற்ற அன்புக்கு நன்றி கூறி, இன்றைய உடலுக்கு ஏற்ற இடத்தை நாடுவதே முறை.

மாற எண்ணுபவர்கள் முதலில் நீண்ட பிரயாணத்தைப் பதிவு செய்ய வேண்டாம். ஒரு வாரப் பிரயாணத்தாற் சோதித்துப் பார்க்கலாம். நடக்க இயலாதவர்கள், துறைமுகங்களிற் கப்பல் கரையோடு அணையுமா, அல்லது சிறுபடகில் இறங்க வேண்டுமா என்று கேட்டறிதல் அவசியம். கடல் அசைவுக்கு அஞ்சுபவர்கள், கப்பலின் நடுப்பகுதியிலே கீழ்த்தளங்களில் அறை எடுத்தல் நன்று. அங்கேதான் அசைவு குறைவு. அந்த அறை மின்தூக்கிக்கு அருகில் அமைவது இன்னும் நன்று.

நாங்கள் 'பொலெட்' கப்பலில் நோர்வேக்கு ஏழு இரவுப் பிரயாணம் ஒன்றைப் பதிவு செய்திருக்கின்றோம். அறை நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அண்மையில். பாடசாலை விடுமுறையாதலால் பேத்தியும் உடன் வருகின்றாள். கப்பலின் வரைபடத்தில், அறையிலிருந்து உணவு மண்டபம்வரை என் கணவர் அடிமட்டம் வைத்து அளந்து, இடையிற் கதிரைகள் உள்ள இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கின்றார். மூன்று இடங்கள் இருக்கின்றனவாம். இரண்டு போதும் என்கின்றார்.