புலிக்காட்டு வாயிலில் ஒரு விடுதி

வடக்கே வந்து குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது ஒன்றுதான். எஞ்சிய நாட்களில், அண்டையில் இருப்பவற்றைக் காணச் செலவு அஞ்சித் தயங்குகிறோம். அத்தகைய அன்பர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன். கோட்டாவிலிருந்து ரயிலில் சிறிது நேரப் பயணத்தில் உள்ள ரண்தம்போர் தேசியப் பூங்காவுக்குச் சென்ற சனவரியில் மனைவி மக்களுடன் சென்று, மூன்று நாட்கள் தங்கி வந்தேன்.

இறங்க வேண்டிய நிலையம் சவாய் மாதோபூர். தில்லி – மும்பைப் பாதையில் உள்ள சந்திப்பு அது. ஜெய்ப்பூருக்குச் செல்லும் பாதை இங்கிருந்து பிரிகின்றது. ஜெய்ப்பூர் மன்னர் முதலாம் சவாய் மாதோ சிங் 1763இல் அமைத்த நகரம். நிலையத்துச் சுவர்களில் புலியும் மானும் பறவைகளுமாக வரைந்து வைத்திருக்கின்றார்கள். ஆகவே, புலியைக் காணாமல் திரும்பினேன் என்று எவரும் குறைகூற இயலாது!

நிலையத்திலிருந்து காட்டுக்குச் செல்லும் சாலை நெடுகிலும் விடுதிகள். அவற்றுள் சிலவற்றின் ஒருநாள் வாடகை என் போன்ற எழுத்தரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இக்காடு ஜெய்ப்பூர் மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்தது. 1961இல் இங்கிலாந்து அரசியார் மன்னரின் விருந்தினராக வந்தபோது, அவர் கணவர் இங்கே ஒரு புலியைச் சுட்டார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1955இல், இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். 1973இல் புலிகள் காப்பகமாகவும், 1980இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

நாங்கள் தங்கியது எட்டே அறைகள் கொண்ட சிறு விடுதி. இரண்டு கட்டில், கனத்த ரஜாய், காலையில் ஒரு வாளி வெந்நீர்; அவ்வளவே. சன்னலுக்கு வெளியே கொய்யாத் தோப்பு. மாடியில் கருமுகக் குரங்குகள் உரிமையோடு உலாவுவதால் சன்னலைத் திறந்துவைக்க இயலாது. இரவு உணவு பருப்பும் நெய்யில் தோய்த்த பாட்டியும். இளையவன் தயிர்ச்சோறு கேட்டு அடம் பிடித்தான். சமையற்காரர் சிரித்துக்கொண்டே சோறு வடித்து, எருமைத் தயிரை ஊற்றிக் கொடுத்தார். பெரிய விடுதிகளில் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

காட்டுக்குள் செல்ல ஆறு பேர் அமரும் ஜிப்சியும், இருபது பேர் அமரும் கேண்டர் என்னும் திறந்த வண்டியும் உண்டு. கேண்டரில் கட்டணம் குறைவு. விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைத்தது. ஏரியில் கடமான்கள் வயிறளவு நீரில் நின்று நீர்ப்பூண்டுகளை மேய்ந்தன. சற்றுத் தள்ளி முதலை ஒன்று கட்டைபோல் கிடந்தது. வால்காக்கை ஒன்று துணிந்து பறந்து வந்து என் மகளின் தொப்பிமேல் அமர்ந்தது. ஓரிடத்தில் மணலில் புலியின் அடித்தடம் கண்டோம். குரங்கொன்று எச்சரிக்கைக் குரல் எழுப்பவே, இருபது பேரும் மூச்சடக்கிக் காத்திருந்தோம். புலி வரவில்லை. உடன்வந்தோர் சிலர் பணம் வீணாயிற்றென முணுமுணுத்தனர். அந்த வால்காக்கைக்கே கட்டணம் தகும் என்பது என் மகளின் கட்சி. நானும் அவள் பக்கமே.

விடுதிக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்ட கேள்வி, "புலி தென்பட்டதா?" என்பதே. அறைகளைக் கவனிக்கும் பெரியவர் ஒருவர் மட்டும், "பாபுஜி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். அவர் காட்டுக்குள் இருந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1970களில் புலிகளுக்காக உள்ளிருந்த கிராமங்கள் பலவற்றை வெளியே குடியமர்த்தினர். கைலாஷ்புரி அவ்வாறு தோன்றிய ஊரே. பெரியவர் அப்போது சிறுவன்.

"நிலம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் அருகில் கிடைத்தது. என் மகன் இன்று அந்தக் காட்டிலேயே வண்டி ஓட்டுகிறான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கிணறு உள்ளே இருக்கிறது. அதன் பக்கம் போக நானும் உங்களைப்போல் சீட்டு வாங்க வேண்டும்" என்றார். அன்றிரவு என் மனைவி, திருவாரூர்ப் பக்கத்தில் தன் பாட்டனார் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் குழந்தைகளுக்கு வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீடு இப்போது வேறொருவருடையது.

பெரியவர் சீட்டின்றிச் செல்லும் வழி ஒன்று உண்டு. அது காட்டினூடே உள்ள கோட்டையின் கணேசர் கோயிலுக்குச் செல்லும் வழி. மறுநாள் அவரே எங்களை அழைத்துச் சென்றார். ஹம்மீர தேவன் காத்து நின்று, 1301இல் அலாவுதீன் கில்ஜியிடம் வீழ்ந்த கோட்டை அது. இங்குள்ள பிள்ளையாருக்கு மூன்று கண்கள். இரு தேவியரும் உடன் உறைகின்றனர். ஆற்றங்கரைப் பிரம்மசாரியையே அறிந்த நமக்கு இது வியப்பே! வடநாட்டார் திருமண அழைப்பிதழின் முதற்படியை இவருக்கு அஞ்சலில் அனுப்புகின்றனர். கட்டுக்கட்டாக வந்து குவிகின்றன.

கோட்டைமதிலில் நின்றால் கீழே பதம் தலாவ் ஏரியும், அதன் கரையில் ஜோகி மகாலும் தெரியும். பெரியவர் அதற்கப்பால் ஒரு மலைச்சரிவைக் கைநீட்டிக் காட்டினார். எனக்கு மரங்களே தெரிந்தன. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும் என்று எங்களை விரைவுபடுத்தினார். 2025 ஏப்ரலில் இக்கோயிலிலிருந்து குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைப் புலி கொன்றது. இறங்கும்வரை அவர் என் இளையவன் கையை விடவில்லை.

செல்ல விரும்புவோர் அக்டோபர் முதல் சூன் வரை செல்லலாம். மழைக்காலத்தில் முக்கியப் பகுதிகள் மூடப்பட்டிருக்கும். வண்டியில் இடம் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். குளிர்காலமாயின் குழந்தைகளுக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி இன்றியமையாதது. திரும்புகையில் கொய்யாப்பழம் வாங்க மறவாதீர்கள். பெரியவர் தம் வீட்டு மரத்துப் பழங்கள் என்று ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். கோட்டா வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.