விரல் அசைஞ்சா நடிப்பா?

1/ ஆலங்குளம் பக்கம் களை எடுக்குற அம்மா. நாள் முழுக்கக் குத்தவெச்சு வேலை. ஒருநாள் பாதத்தை மேல தூக்க முடியல, செருப்பு கழன்று விழுது.

2/ ஆனா விரல்கள் லேசா நிமிர்ந்துச்சு. பயிற்சி மருத்துவரா இருந்த நான், "நடிக்கிறாங்க"ன்னு நினைச்சேன். தப்பு.

3/ பாதத்தைத் தூக்குற நரம்பு முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே எலும்பைச் சுத்திப் போகுது. ரொம்ப நேரம் குத்தவெச்சா நசுங்கலாம்.

4/ சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பக்கத்து நரம்பிலிருந்து ஒரு கிளை, வெளிக் கணுக்காலுக்குப் பின்னால சுத்திவந்து, விரலை நிமிர்த்துற குட்டித் தசைக்குப் போகும். அந்தக் கிளை நசுங்காம தப்பிச்சிருக்கு. நரம்பு மின் பரிசோதனையில தெரிஞ்சுது.

5/ அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்துல இருக்குறது பெரும்பாலானவங்க கால்; எதிர்ல நிக்கிறவங்க கால் இல்ல.

குத்தவெச்சு வேலை பார்க்குறவங்க, அப்பப்ப எழுந்து நடங்க. பாதம் தொங்கினா உடனே டாக்டரைப் பாருங்க.